கிழக்குக் குழாயின் உள்சுவர்

வியாழனின் நிலவான யூரோப்பா, பனித்தள நிலையம். நீர்ச் சோதனைப் பதிவு.
எழுதுபவர்: நுண்ணுயிரியலாளர் ஜெசிந்தா.

நாள் 212, 09:10
கிழக்குக் குழாய்: பாக்டீரியா இல்லை. மேற்குக் குழாய்: இல்லை. விதிப்படி குழாயைத் திறந்து தண்ணீர் பிடித்துச் சோதித்தேன்.

விதியை எழுதியவர் தளபதி கார்மேகம். சுத்தம் என்று அவர் கையெழுத்திட்ட கிழக்குக் குழாயில் குடித்துத்தான் என் கணவன் ரீகன் காய்ச்சலில் செத்தான். இருபது நாளாகிறது. "குளோரின் ஊத்தியாச்சு, தண்ணியில ஒண்ணுமில்லம்மா. அவன் வேற எங்கேயோ கைய வச்சிருக்கான்" என்று அறிக்கையை முடித்துவிட்டார். பழி செத்தவன் தலையில்.

நாள் 214, 15:40
விதியை மீறினேன். கிழக்குக் குழாயைக் கழற்றி உள்சுவரைச் சுரண்டி, மை கலந்து நுண்ணோக்கியில் வைத்தேன். கறுப்புப் பின்னணியில் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் வெள்ளை வளையம். செல்சுவருக்கு மேலே, பலாக்கொட்டையை மூடிய தோல் போல வழவழப்பான உறை. குளோரின் அதைத் தாண்டவில்லை. மின்னணு நுண்ணோக்கியில் நுண்மயிர்களும் தெரிந்தன. அவற்றால் குழாயைப் பற்றிக்கொண்டிருக்கின்றன. மிதந்தால்தானே சோதனையில் சிக்கும்? கசையிழையை வால் போல் சுழற்றி எப்போதாவது சில நீந்திக் கிளம்பும். ரீகனுக்கு அது போதுமாயிருந்தது.

பாவி மனுஷன் இந்தக் கார்மேகம்.

நாள் 215, 11:00
கார்மேகம் நாளை தனியாகப் பூமிக்குக் கிளம்புகிறார். இனி இங்கே நான் மட்டும். கப்பலின் குடிநீர்த் தொட்டியைக் கிழக்குக் குழாயிலிருந்து நிரப்பச் சொன்னார். "ஒரு கையெழுத்துப் போட்டுரும்மா."

உள்சுவரில் பார்த்ததைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். "ரீகன் மாதிரி அஜாக்கிரதையா இருந்துராத" என்றார்.

விதிப்படி குழாயைத் திறந்து பிடித்துச் சோதித்தேன். ஒன்றுமில்லை. கையெழுத்துப் போட்டேன். தொட்டியை நிரப்பினேன்.

நாள் 224, 08:30
கப்பலிலிருந்து: "ஜெசிந்தா, காய்ச்சல் கொளுத்துதும்மா. தண்ணியில எதும் இருந்துச்சா? உண்மையச் சொல்லு."

என் பதில்: "தண்ணியில ஒண்ணுமில்ல சார். நீங்க வேற எங்கேயோ கைய வச்சிருப்பீங்க."

அப்படியொரு நிம்மதி. ஒரு மாதத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன். மேற்குக் குழாயில் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

நாள் 227, 17:05
கப்பலிலிருந்து பதில் இல்லை.

எனக்குக் காய்ச்சல், 39.8 டிகிரி செல்சியஸ். மேற்குக் குழாயை இன்றுதான் கழற்றினேன். சுரண்ட வேண்டியிருக்கவில்லை, விரலிலேயே வழுக்கியது. அவரைப் பிடிக்கும் அவசரத்தில் என் குழாயை அவர் விதிப்படியே பார்த்திருக்கிறேன்.

கண்டெடுப்பவருக்கு: ஸ்லைடுகள் மூன்றாம் பெட்டியில். ரீகன் மேல் தவறில்லை என்று எழுதுங்கள். கார்மேகத்துக்காக நான் வருத்தப்படவில்லை. இப்போதும் இல்லை.

நாள் 228
தாகம். இங்கே வேறு தண்ணீர்