கோடு கிழித்த சைபர்

மாப்ளே,

போன வாரம் தபாலில், இரும்புச் சட்ட அளவுகள் போட்ட உன் காலேஜ் ஸ்டீல் டேபிள் புத்தகம் வந்தது. உன் தங்கை அனுப்பியிருந்தாள். கட்டைப் பிரித்ததுமே வெளுப்புத் தூளின் நெடி மூக்கில் ஏறியது. இத்தனை வருஷம் உங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் கிடந்தும் அது போகவில்லை பார். புத்தகத்துக்குள் நாலாக மடித்த தாள் ஒன்று இருந்தது. அது என்ன தாள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இரண்டு நாள் பிரிக்காமலே வைத்திருந்தேன்.

இந்த நெடிக்காக ஹாஸ்டலில் உன்னை எவ்வளவு கிண்டல் செய்திருப்போம்! திங்கட்கிழமை காலையில் திருப்பூரிலிருந்து வந்து பெட்டியை இறக்கினால் போதும், "பனியன் கம்பெனி வந்தாச்சுடா" என்று வராண்டா முழுக்கக் கத்துவோம். "இந்த நாத்தத்துலதாண்டா எங்கூட்ல அடுப்பு எரியுது" என்று சிரிப்பாய்.

கடைசி வருஷம் இரும்பு, மரக் கட்டுமான வடிவமைப்புப் பாடத்தில் நான்தான் வகுப்பில் முதல். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. ஸ்லைடு ரூலைத் தள்ளி நான் விடை சொல்வேன், நீ அச்சு மாதிரி எழுதுவாய். நான் எழுதினால் சைபருக்குக் குறுக்கே ஒரு கோடு விழும், சின்ன வயசுப் பழக்கம். "சைபர் என்னடா பாவம் பண்ணுச்சு, அது வயித்துல குச்சிய சொருகற?" என்பாய்.

அந்த விடுமுறையில்தான் உன் அப்பா பெருமாநல்லூர் ரோட்டில் புது ஷெட் போட முடிவு செய்தார். இரும்புக்குப் பர்மிட் வாங்குவதற்குள் தாவு தீர்ந்துவிடும் காலம் அது. கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டத்தை, அதுதான் நம் பாடத்து டிரஸ், மரத்திலேயே போடலாம், கணக்கை நம் பையன்களே போடட்டும் என்றார். என்னை நம்பினார். நான் திருச்சிக்காரன், அவருக்கு எந்த உறவும் இல்லை. இருந்தும் எனக்கும் சேர்த்தே வாழை இலை விழும். அவர் முற்றத்தில் உட்கார்ந்து பனியன்களை வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார். ஓட்டை விழுந்த இடத்தில் நீலப் பென்சிலால் ஒரு வட்டம். அப்படி வட்டம் போட்டதைத் தனியே ஒதுக்கிவிடுவார்.

நாம் பக்கத்து அறையில் கணக்குப் போட்டோம். ஓடு, சட்டம், காற்று எல்லாம் எழுதியாயிற்று. கடைசியாக, 'கீழ்க்கட்டையில் தொங்கும் பாரம்' என்று ஒரு வரி சேர்த்து அதற்கு எதிரே நீயாக ஓர் எண்ணை எழுதினாய்.

"இது என்னடா புதுசா?"

"மழ புடிச்சா வெளிய காயப்போட முடியாதுல்ல? வெளுத்த துணி பூராத்தையும் ஷெட்டுக்குள்ளதான் போடுவாங்க. கயித்த எங்க கட்டுவாங்க? இந்தக் கட்டையிலதாண்டா."

நான் சிரித்தேன். "புஸ்தகத்துல எந்த டிரஸ்லயாவது ஜட்டி பனியன் காயுதாடா? கட்டைல எதையும் கட்டாதீங்கன்னு ஆளுங்ககிட்ட சொல்லிடு."

"எங்கூர்ல சொன்னா எவன்டா கேக்கறான்?"

நான் கேட்டேனா? உன் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி, நீ எழுதிய எண்ணை அடித்துவிட்டு ஒரு சைபர் போட்டேன். குறுக்கே கோடு கிழித்த சைபர். "நீ சொன்னா செரி" என்று நீயும் விட்டுவிட்டாய்.

அடுத்த ஐப்பசியில் விடாமல் மழை. சர்க்கார் வேலைக்கான உத்தரவு என் கைக்கு வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஷெட் சரிந்த செய்தி கேட்டு நான் ஓடி வந்தபோது உன்னை வெளியே எடுத்துத் தார்ப்பாயில் கிடத்தியிருந்தார்கள். ஈரத் துணி மடிக்கிற அக்கா ஒருவர் மண்ணில் உட்கார்ந்து அரற்றிக்கொண்டிருந்தார். "கட்டை மொனகுதுன்னு சொன்னமுங்க. எல்லாத்தையும் வெளிய வெரட்டுனாருங்க. அவரு மட்டும் கயித்த அவுக்கோணும்னு ஏணில ஏறுனாருங்க."

பாரத்தை இறக்கினால் கட்டை நிற்கும் என்று அந்த ஷெட்டில் தெரிந்தவன் நீ ஒருவன்தான்.

போலீஸ்காரர் கேட்டார், "கணக்குப் போட்டது யாரு?" உன் அப்பா அந்தத் தாளைக் கையில் பிடித்தபடி பக்கத்தில் நின்றிருந்தார். வேலை உத்தரவு என் சட்டைப் பையில் இருந்தது. "அவன்தாங்க. கையெழுத்தைப் பாருங்க" என்றேன். சொல்லிவிட்டேன், மாப்ளே. நீ பக்கத்திலேயே கிடக்கும்போது சொன்னேன்.

காரியம் முடிந்த அன்று உன் அப்பா தன் டைரியை நீட்டினார். "போற ஊர் அட்ரஸ் எழுதிக் குடு கண்ணு." கதவு எண் 20 என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அதையே வெகுநேரம் பார்த்தார். "செரி கண்ணு. சாப்புட்டுட்டுப் போ. பொங்கலுக்கு வந்துரு" என்றார்.

ஒரே ஒரு பொங்கலுக்குப் போனேன். உன் இடத்தில் எனக்கு இலை போட்டார்கள். பாதியிலேயே இலையை மூடிவிட்டு எழுந்தேன். அதற்குப் பிறகு போகவே இல்லை. வருஷா வருஷம் கார்டு வந்தது, 'பொங்கலுக்கு வா கண்ணு' என்று. அவர் போய்ச் சேர்ந்த செய்தி வந்தபோதும் வேலை இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ரிட்டையர் ஆகும்வரை எந்தக் கூரைக்குக் கணக்குப் போட்டாலும் தொங்கும் பாரத்தைத்தான் முதல் வரியில் எழுதினேன். "இதுல எத சார் தொங்கவிடப் போறாங்க?" என்று கேட்ட பையன்களிடம் எரிந்து விழுந்திருக்கிறேன். காரணத்தை ஒருவனிடமும் சொன்னதில்லை.

நேற்று அந்தத் தாளைப் பிரித்தேன். உன் முத்து முத்தான எழுத்துக்கு நடுவே என் சைபர். அதைச் சுற்றி நீலப் பென்சிலில் ஒரு வட்டம்.

உன் தங்கைக்குப் போன் செய்தேன். "அம்மா, அந்த சைபர் நான் போட்டது. உங்கண்ணன் சரியாத்தான் எழுதியிருந்தான். நான்தான் அடிச்சேன்."



"தெரியுங்கண்ணா. அப்பா அப்பவே சொன்னாரு, டைரில அதே சைபரப் பாத்தேன்னு. நாங்கதான் கேக்கலாம்னு குதிச்சோம். அவரு விடல."

"ஏம்மா?"

"பெத்ததுதான் போயிருச்சு, இதக் கேட்டா இவனும் ஊட்டுப் பக்கம் வராமப் போயிருவான்னாருங்கண்ணா."

தாளை மறுபடி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். அன்றைக்கு வேலை உத்தரவு இருந்த அதே பக்கம். அவர் கேட்கவே இல்லை, மாப்ளே. இருந்தும் நான் வராமல்தான் போனேன்.