உன் பெயரில் இருக்கும் என் தவறு

அலமாரியைக் காலி செய்யும்போது அந்த அறிக்கை கிடைத்தது. ஓரமெல்லாம் துளை போட்ட அகலத் தாள். பிரின்டர் ரிப்பனின் மை வாடை இன்னும் போகவில்லை. உற்பத்தி லைன் நின்றதற்குக் காரணம் என்ற கட்டத்தில் உன் பெயர். அறிக்கையில் பிழையில்லாமல் அச்சாகியிருப்பது அது ஒன்றுதான், அதுவும் பொய்.

ஒரகடம் தொழிற்சாலையில் நம் இருவருக்கும் யூனிக்ஸ் கணினி நிர்வாகத்தில் உயர்நிலைப் பயிற்சி கொடுத்தார்கள். ஐந்து நாள், இருவருக்கு ஒரு கணினி. ரூட் என்ற கணக்கில் நுழைந்தவன் எதையும் செய்யலாம், யாருக்கும் காரணம் சொல்லவேண்டியதில்லை என்றார் பயிற்சியாளர்.

"நம்ம சூப்பர்வைசரத்தான் சொல்லுதாரு," என்று என் காதில் சொன்னாய்.

மூன்றாம் நாள், பயிற்சிக் கணினியை முறைப்படி நிறுத்திக் காட்டச் சொன்னார் பயிற்சியாளர். திரையில் இரண்டு விண்டோ. ஒன்று பயிற்சிக்கு, மற்றது லைனுக்கு எந்தப் பாகம் போகவேண்டும் என்று சொல்லும் கணினிக்கு. நான் மிகவும் முறைப்படி, இரண்டாவதை நிறுத்தினேன்.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். "இன்னாப்பா, லைனே நின்னுகினு கீது! எவன் கை வெச்சது?"

நிறுத்தியது யார் என்ற கணினிப் பதிவில் ரூட் என்று மட்டும் இருந்தது. அந்தப் பாஸ்வேர்டு நம் இருவருக்கும் தெரியும். எனக்கு வேலை நிரந்தரமாக ஒரு மாதம் பாக்கி, உனக்கு ஆகிவிட்டிருந்தது.

"நாந்தான் சார்," என்றாய்.

உன்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள். சான்றிதழ் எனக்கு மட்டும் வந்தது. நாம் தங்கியிருந்த சுங்குவார்சத்திரத்து அறையில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "ஃபிரேம் போட்டு மாட்டுலே. நீ பெர்மனென்ட் ஆன பொறவு உண்மையச் சொல்லிக்கிடலாம்."

ஆனேன். சொல்லவில்லை. நீயும் கேட்கவில்லை. நீ வேலையை விட்டு ஊருக்குப் பஸ் ஏறியபோது சொல்லியிருக்கலாம். நீ இறந்துவிட்டாய் என்று உன் அண்ணன் போன் செய்த அன்றாவது சொல்லியிருக்கலாம்.

இப்போது அந்தப் பயிற்சியை நடத்துவது நான்தான். தவறான கணினியை நிறுத்திய ஒருவரைப் பற்றி ஒவ்வொரு குழுவுக்கும் சொல்வேன்; சிரிப்பார்கள். இன்று அறிக்கையைக் கொண்டுபோய்க் காட்டி, இதில் பெயருள்ளவன் இறந்துபோன என் நண்பன், நிறுத்தியவன் நான் என்றேன்.

"சும்மா சொல்லாதீங்க சார். பேப்பர்ல அவரு பேருதானே கீது?" என்றான் முன்வரிசையில் இருந்தவன்.

பக்கத்தில் இருந்தவன் அவனை இடித்தான். "ஃபிரெண்டு செத்தும் வுட்டுக் குடுக்கமாட்டேன்றாரு பாருடா."

எல்லோரும் கைதட்டினார்கள். நான் மறுக்க மறுக்க இன்னும் பலமாகத் தட்டினார்கள். அப்படியில்லை என்று சொல்லக்கூடியவன் நீ ஒருவன்தான். வகுப்பு கலைந்துவிட்டது. உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டவற்றில் அந்தக் கைதட்டலும் சேர்ந்துவிட்டது.