ஆர் இந்த நைனா?

25-8-1954, புதன். எளாவூர்.

கொழும்பு போக விசா கிடைத்துவிட்டது. ஒரே சொல்லால் கெட்டுப்போக இருந்தது.

பட்டணத்து விசா ஆபீசில் என்னையும் ராஜம்மாவையும் தனித்தனியாக விசாரித்தார்கள். எதைக் கேட்டாலும் ஒரே வார்த்தையில் பதில் சொல் என்று நேற்றே அவளுக்குச் சொல்லி வைத்திருந்தேன். என் புத்தியை என்ன சொல்ல!

அரை மணி கழித்து அதிகாரி என்னை மறுபடி அழைத்தார். யாழ்ப்பாணத்துக்காரர். "கோவிந்தசாமியைப் பார்க்கப் போறம் எண்டு நீங்கள் எழுதியிருக்கிறியள். உங்கட மனுசி நைனாவைப் பார்க்கப் போறாவாம். ஆர் இந்த நைனா?"

அவசரமாகச் சொன்னேன்: "எங்க பக்கத்துல அப்பாவத்தாங்க நைனான்னு கூப்புடுவோம். கோவிந்தசாமி அவளோட அப்பா."

அவர் நம்பவில்லை. ராஜம்மாவை வரவழைத்து, நைனாவின் பெயர் என்ன என்று கேட்டார்.

"கோவிந்தசாமிங்க" என்றவள் அழுதுவிட்டாள். அந்த மனிதர் முத்திரையைக் குத்திக் கொடுத்தார்.

சனிக்கிழமை கிளம்புகிறோம். அங்கே ஆஸ்பத்திரியில் கிடக்கும் மாமனார் அதுவரை தாங்கினால் போதும்.

திரும்பும்போது ரயிலில், "நமக்குப் பொறக்கப் போறதாவது என்ன அப்பான்னு கூப்புடட்டும். இந்தப் பேஜாரு வேணாம்" என்றேன்.

ராஜம்மா வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "நைனான்னுதான் கூப்புடும். யாருன்னு கேட்டா, நீங்க போய் சொல்லிக்கினு இருங்க."