எக்ஸீட்

அன்புள்ள அப்பாவுக்கு, நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. போன மாதம் எண்பது சட்டைக்குக் காலர் தைக்க வேண்டிய நாளில் தொண்ணூறு தைத்தேன். "எக்ஸீட் பண்ணிட்டியே!" என்றார் சூப்பர்வைசர். ஏதோ தப்பு என்று நினைத்து மன்னிப்புக் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அதையே சொல்லிச் சொல்லி சூப்பர்வைசர் தினமும் கேலி செய்தார்.

அகராதியைப் புரட்டினேன். இலக்கைத் தாண்டினாலும் அந்தச் சொல்தான், வரம்பை மீறினாலும் அதுவேதான். கறுவிக்கொண்டே காத்திருந்தேன்.

திங்கட்கிழமை தொழிலாளர் துறை ஆய்வாளர் வந்து வேலை நேரத்தை விசாரித்தார். "சார், இவர் எங்களைப் போகவிடாம தினமும் ரெண்டு மணி நேரம் எக்ஸீட் பண்றார்" என்றேன். ஆய்வாளர் அதைக் குறித்துக்கொண்டார். இன்று சூப்பர்வைசரைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். அவர் பையைத் தூக்கிக்கொண்டு போவதைக் கண்ணாரப் பார்த்தேன். வயிறு குளிர்ந்தது, அப்பா.

எனக்கு ஒன்றும் ஆகாது, கவலை வேண்டாம். மேலிடத்துக்குப் பயந்து யாரும் என் பக்கத்தில் சாப்பிட உட்காருவதில்லை, அவ்வளவுதான். வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டிருப்பதை போனில் பதிவு செய்து அனுப்பும்படி தங்கையிடம் சொல்லுங்கள். சண்டை போட்டாலும் பரவாயில்லை, நீளமாக இருக்கட்டும்.

மணி அடித்துவிட்டது.

உங்கள் மகள்