கிளெமின் வெள்ளிக்கிழமை பன்

பிப்ரவரி 26, 1974

நாளை சாம்பல் புதன், தவக்காலம் தொடங்குகிறது; ஈஸ்டர் வரை வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி கூடாது, மீன் கூடும். எங்கள் பர்கர் கடை வாசலில் பலகை மாட்டியாயிற்று: ‘வெள்ளிக்கிழமை பன்’. உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் பிசைந்து பொரித்து, பன்னுக்குள் வைத்து, மேலே வெள்ளரி ஊறுகாய். குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டு அடுப்பில் கிளெம் பொரித்துப் பொரித்துப் பார்த்தது. தவக்காலத்தில் நன்றாக ஓடினால் கம்பெனி தன் பர்கர் கடைகள் எல்லாவற்றிலும் போடுமாம்.

“வெள்ளிக்கிழமை மில்வாக்கில எவன் இறைச்சி தொடுவான், ஐரீன்? நம்மகிட்டதான் வந்தாகணும்.”

வெள்ளிதோறும் சர்ச் கூடத்தில் ஊரே கூடும் மீன் வறுவல் விருந்தை மறந்துவிட்டானா? சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தான்.

மார்ச் 1

ஓடவில்லை. கூடத்து வாசலில் வரிசை தெருமுனை வரை, ஆளுக்கொரு பீரோடு. எல்லாம் நம் வாடிக்கைக்காரர்கள்தான்.

மார்ச் 15

என் தோழி பெர்னீஸ் கூடத்துச் சமையலறையிலிருந்து போன் செய்தாள். “வருஷா வருஷம் கிழங்கு சீவ நீதானடி வருவே. இப்ப உன் புருஷன் பன்னுக்குக் காவலா?” சிரித்துவிட்டேன். கிளெம் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். சே.

மார்ச் 29

கம்பெனி ஆள் வந்தார். முழுசாகச் சாப்பிட்டார். “ருசில குறை இல்ல, கிளெம். ஆனா சனங்க அங்க மீன் தின்னவா போறாங்க? ஒருத்தர ஒருத்தர் பாக்கப் போறாங்க.” ஈஸ்டர் வரை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். கிளெம் இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை.

ஏப்ரல் 5

தலைவலி என்று கடையிலிருந்து கிளம்பி, நேரே கூடத்துக்குப் போனேன். ஏன் போனேன்? பசியில்லை. நாலு பேரோடு உட்கார்ந்து சிரிக்க வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான்.

பாதி மீன் சாப்பிட்டிருப்பேன். பெர்னீஸ் சட்டென்று பேச்சை நிறுத்தினாள். வாசலில் கிளெம், இன்னும் கடை ஏப்ரனோடு. ஆளே வராத கடையை எத்தனை நேரம் திறந்து வைப்பான்? என் தட்டைப் பார்த்தான். திட்டியிருக்கலாம். திட்டவே இல்லை.

“மீன் சூடா இருக்கா?” என்று கேட்டுவிட்டு வரிசையில் போய் நின்றான்.

பெண்டாட்டியே இங்கே வந்தால் ஊர் ஏன் அங்கே போகும்? நான் செய்தது தப்பு. பெரிய தப்பு.

ஏப்ரல் 14, ஈஸ்டர்

பலகையை நேற்றே இறக்கிவிட்டான். என்னை உதவிக்குக் கூப்பிடவில்லை.

பிப்ரவரி 14, 1975

இந்தத் தவக்காலத்தின் முதல் மீன் வறுவல். கூடத்தில் எண்ணெய்ச் சட்டி முன்னால் கிளெம்தான். பாதிரியாரே வந்து கேட்டுக்கொண்டாராம். நான் கிழங்கு சீவினேன். “இத்தனை வருஷம் எங்கய்யா ஒளிஞ்சிருந்தே?” என்று பெர்னீஸ் அவன் முதுகில் தட்டினாள். அவனும் சிரித்தான்.

திரும்பி வரும்போது காரில் சொன்னேன்: “நாளைக்கு அந்தப் பன்னு செய்யேன், கிளெம். எனக்கு மட்டும்.”

சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்: “எந்தப் பன்னு?”