மூன்றெழுத்து செல்லாது

ஜனவரி 8

மதிப்பிற்குரிய வாசகிக்கு,

‘அளவுகோல்’ என்னும் புனைபெயரில் ஞாயிறு இணைப்பின் ‘சொல்வேட்டை’ப் பகுதியை நடத்துபவன் நான். தங்கள் விடைத்தாளில் ஒரு சொல் நிராகரிக்கப்பட்டதற்கான காரணத்தைத் தெரிவிப்பதே இக்கடிதத்தின் நோக்கம்.

ஜே, ஒய் ஆகிய இரண்டு எழுத்துகளும் இடம்பெறும் ஐந்து ஆங்கிலச் சொற்களைக் கேட்டிருந்தோம். தாங்கள் அனுப்பியவற்றுள் ஜெல்லி, ஜர்னி, இஞ்சுரி, என்ஜாய் ஆகியவை ஏற்கப்பட்டன. ‘ஜாய்’ ஏற்கப்படவில்லை. அதில் ஜே, ஓ, ஒய் என மூன்றே எழுத்துகள் உள்ளன. நான்கு எழுத்துகளுக்குக் குறைந்த சொல் செல்லாது என்பது பகுதியின் நான்காம் விதி. பரிசுப் பேனா தங்கள் கைநழுவிப் போனதற்கு நான் வருந்துகிறேன். விதிக்கு வருந்தத் தெரியாது.

இங்ஙனம்,
அளவுகோல்


ஜனவரி 13

அளவுகோல் சாருக்கு, வணக்கம்.

மகிழ்ச்சி செல்லாது என்று எனக்கு எழுத்து மூலம் தெரிவித்த முதல் மனிதர் நீங்கள்தான். கடிதத்தைக் கல்லாவுக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறேன். காய்ச்சலோடு வந்தவர்கூடப் படித்துச் சிரித்துவிட்டுப் போனார்.

ஒரு சந்தேகம் சார். என்ஜாய் செல்லும், அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிற ஜாய் செல்லாது. குடும்பத்தோடு வந்தால் நாற்காலி போடுவீர்கள், தனியாக வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவீர்களா? நானும் தனியாக இருக்கிறவள், அதனால் கேட்கிறேன். கணவர் போய்ப் பல வருடம் ஆகிறது. ஒரே மகள், கல்யாணமாகி வெளிநாட்டில் இருக்கிறாள்.

எனக்கு மருந்துக்கடை. டாக்டர் எழுதும் சீட்டில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும்தான் தெரியும், நடுவில் மண்புழு நெளியும். அதில் சொல்லைக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. உங்கள் போட்டி எனக்கு ஓவர்டைம் மாதிரி. பேனா போகட்டும், சந்தேகத்துக்குப் பதில் போடுங்கள்.

‘தாங்கள்’ என்று எழுதாதீர்கள். எனக்குப் பின்னால் யாரோ பெரிய மனிதர் நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன்.

அன்புடன்,
மருந்துக்கடைக்காரி


ஜனவரி 20

மதிப்பிற்குரிய மருந்துக்கடை அம்மையாருக்கு,

தங்கள் ஐயம் நியாயமானது. மூன்றெழுத்துச் சொற்கள் எவர் வாயிலும் எளிதில் வரும். எளிதில் வருவதற்குப் பரிசு எதற்கு என்று கருதியே அவ்விதியை வகுத்தேன். தனியாக வருபவரை நிறுத்தும் எண்ணம் எனக்கு ஒருபோதும் இருந்ததில்லை.

மருந்துச் சீட்டு பற்றித் தாங்கள் எழுதியது கவலை அளிக்கிறது. எழுத்து புரியாதபோது ஊகித்துக் கொடுத்துவிடுவீர்களா?

தங்கள் கடிதத்தை என்னுடன் வசிக்கும் அக்காவும் படித்தார். “உன்னைக் கேள்வி கேக்கவும் ஒரு ஆள் இருக்கே, நல்லா இருக்கட்டும்” என்று வாழ்த்தினார். எனக்குத் திருமணம் ஆகவில்லை. இத்தகவல் என்னிடம் கேட்கப்படவில்லை என்பதை அறிவேன்.

இங்ஙனம்,
அளவுகோல்


பிப்ரவரி 2

அளவுகோல் சாருக்கு,

ஊகித்து மருந்து கொடுக்கிற வழக்கம் என்னிடம் கிடையாது. புரியவில்லை என்றால் டாக்டருக்குப் போன் போடுவேன். என்ன எழுதினார் என்று அவர் வாயாலேயே சொன்ன பிறகுதான் மாத்திரைப் பட்டையில் கை வைப்பேன். நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

போன சனிக்கிழமை சாயங்காலம் கடைக்கு ஒருவர் வந்தார். சட்டையில் இஸ்திரி மடிப்பு காகிதம் கிழிக்கிற மாதிரி இருந்தது. தனக்குப் பின்னால் வந்தவர்களையெல்லாம் “நீங்க முதல்ல வாங்கிக்கங்க” என்று முன்னால் அனுப்பிக்கொண்டே நின்றார். கடைசியில் ஆளே இல்லாமல் போனதும், வேறு வழியில்லாமல் ஒரு சீட்டை நீட்டினார். அக்காவின் முழங்கால் வலிக்குத் தைலம். பெயரை ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். ஒய் எழுத்தின் வால் ஸ்கேல் வைத்து இழுத்தது போல இருந்தது. நீங்கள் என் விடைத்தாளைத் திருத்தி அனுப்பியபோது ஓரத்தில் அதே வாலைப் பார்த்திருக்கிறேன்.

தைலத்தை எடுத்துக் கட்டி வைத்தேன். அவர் பணத்தைக் கொடுத்துவிட்டு, தைலத்தை மேசைமேலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். அக்காவுக்கு முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது?

அன்புடன்,
மருந்துக்கடைக்காரி


பிப்ரவரி 6

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

அந்த நபர் நானே. அக்காவுக்கு முழங்காலில் எந்த நோவும் இல்லை. தன் முழங்காலை அனுமதியின்றிப் பயன்படுத்தியதாக அவர் என்மீது கோபமாக இருக்கிறார்.

அளவுகோல்


பிப்ரவரி 14

அளவுகோல் சாருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில், எதிர்க்கடைத் தையற்காரர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்துவிட்டார்.

இப்போது ஒரு விஷயம், சிரிக்காமல் எழுதுகிறேன். கடையை விற்றுவிட்டுத் தன்னோடு நிரந்தரமாக வந்துவிடச் சொல்லி மகள் கேட்கிறாள். இந்த மாதம் முடிவதற்குள் பதில் வேண்டுமாம். கடையை வாங்கவும் ஆள் தயார். “அங்க யாருக்காகம்மா தனியா உக்காந்திருக்கே?” என்று போனில் கேட்டாள். போனைப் பிடித்துக்கொண்டே கல்லா மேசையில் தூசி தட்ட ஆரம்பித்தேன்.

பேரப்பிள்ளை இருக்கிறான், அறை ஒழித்து வைத்திருக்கிறார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அங்கே எனக்குச் சீட்டு நீட்ட யாரும் வரமாட்டார்கள்.

போகட்டுமா, இருக்கட்டுமா? ‘கோ’வா, ‘ஸ்டே’யா? சொற்களைத் தீர்ப்பது உங்கள் வேலை என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

மருந்துக்கடைக்காரி


பிப்ரவரி 17

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

இரு சொற்களையும் விதிப்படி பரிசீலித்தேன்.

கோ: ஜி, ஓ. இரண்டெழுத்து. செல்லாது.

ஸ்டே: எஸ், டி, ஏ, ஒய். நான்கெழுத்து. செல்லும்.

அளவுகோல்


பிப்ரவரி 20

அளவுகோல் சாருக்கு,

சீட்டு கிடைத்தது. தலையும் வாலும் தெளிவாக இருக்கிறது. எதற்காக இருக்க வேண்டும், யாருக்காக இருக்க வேண்டும் என்கிற இடத்தில் மண்புழு நெளிகிறது.

நான் ஊகித்து மருந்து கொடுக்கிறவள் இல்லை என்று முன்பே எழுதியிருக்கிறேன். எழுதினவரே முழுசாகச் சொல்ல வேண்டும். மகள் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள்.

மருந்துக்கடைக்காரி


பிப்ரவரி 22

அன்புள்ள உங்களுக்கு,

தபாலை நம்பவில்லை. இக்கடிதத்தை அக்காவே உங்கள் கையில் கொடுப்பார்.

‘மதிப்பிற்குரிய’ என்று தொடங்கிய தாள்கள் என் காலடியில் கசங்கிக் கிடக்கின்றன. அவற்றைப் பெருக்கிக்கொண்டே அக்கா சொன்னதை அப்படியே தருகிறேன். “நாலு எழுத்து படிச்சவன்னு பேரு. ஒரு வார்த்தை கேக்க வாய் வரலை. நீ எழுதுறியா, இல்ல நானே போய்க் கேட்டுட்டு வரட்டுமா?”

நானே எழுதுகிறேன். நீங்கள் எனக்காக இருக்க வேண்டும். திங்கட்கிழமை காலை தபால் கட்டு மேசைக்கு வந்ததும் நூலை அறுத்துவிட்டு உங்கள் உறையைத்தான் தேடுகிறேன். அது இல்லாத வாரத்தில் மற்றவர்களின் சரியான விடைகள்கூட எனக்குத் தவறாகத் தெரிகின்றன. எனக்கு வயது ஐம்பது. கடையை நீங்களே நடத்த வேண்டும், கல்லாப் பக்கம் நான் வரமாட்டேன். மகளைப் பார்க்க நீங்கள் போகும்போதெல்லாம், விரும்பினால் நானும் உடன் வருவேன்.

என்னைத் திருமணம் செய்துகொள்ள உங்களுக்குச் சம்மதமா?

சம்மதமில்லை எனில், சொல்வேட்டையில் நீங்கள் தொடர்ந்து பங்கேற்க எந்தத் தடையும் இல்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

உங்கள்
அளவுகோல்


பிப்ரவரி 24, ஞாயிறு

யெஸ்.

மருந்துக்கடைக்காரி

பின்குறிப்பு: ஒய், இ, எஸ். மூன்றெழுத்து. செல்லாது என்று தெரிந்தேதான் அனுப்புகிறேன். என்ன செய்வீர்களோ செய்யுங்கள்.

இன்னொன்று: மகளிடம் சொல்லிவிட்டேன். “எழுதுறவர்னு சொல்றியே, நல்லா எழுதுவாராம்மா?” என்று கேட்டாள். “புரியற மாதிரி எழுத வைக்கணும்” என்றேன். அந்தப் பக்கம் மருமகனும் சேர்ந்து சிரிக்கிற சத்தம் கேட்டது.


பிப்ரவரி 26

அன்புள்ள உங்களுக்கு,

மூன்றெழுத்துச் சொற்கள் எவர் வாயிலும் எளிதில் வரும் என்று எழுதியிருந்தேன். அக்கூற்றைத் திரும்பப் பெறுகிறேன். உங்கள் விடை வரும்வரை நான் பட்ட பாட்டுக்கு அக்காவே சாட்சி.

இன்று காலை பத்திரிகை ஆசிரியரைச் சந்தித்து, நான்காம் விதியை நீக்க ஒப்புதல் கேட்டேன். “இத்தனை வருஷமா நான் கெஞ்சினேன், அசையலையே நீங்க. இப்ப என்ன ஆச்சு?” என்றார். ஒரு வாசகியின் முறையீடு என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டு, அலுவலகம் முழுவதற்கும் தேநீர் சொன்னார். நான் எதுவும் சொல்லவில்லை. எப்படியோ எல்லோரும் வந்து கைகுலுக்கினார்கள்.

ஆகவே, வரும் ஞாயிறு முதல் மூன்றெழுத்துச் சொற்களும் செல்லும். ‘யெஸ்’ ஏற்கப்படுகிறது. ‘ஜாய்’ முன்தேதியிட்டு ஏற்கப்படுகிறது. பரிசுப் பேனா தபாலில் அனுப்பப்படாது. சனிக்கிழமை மாலை அதை நானே கொண்டுவருகிறேன். மேசைமேல் விட்டுவந்த தைலத்தையும் பெற்றுக்கொள்கிறேன். கடையில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் வரிசையில் நிற்பேன். இந்த முறை ஒருவரையும் எனக்கு முன்னால் போகவிட மாட்டேன்.

உங்கள்
அளவுகோல்