விசிலும் வெள்ளெழுத்தும்

6 ஜூலை 2024, சனி

சாப்பாட்டுக் கடையில் இன்றும் பாட்ரீசியா கேட்டதையே நானும் கேட்டேன். மூன்று மாதமாக இப்படித்தான் ஓட்டுகிறேன். மெனுவை எவ்வளவு தள்ளிப் பிடித்தாலும் எழுத்து தெளியவில்லை. "பொண்டாட்டிகிட்ட என்னங்க வீம்பு? கண்ணாடிய எடுத்துப் போடுங்க," என்கிறாள். வீட்டில் போடலாம். திடலில்? படிக்கிற கண்ணாடியைப் போட்டால் பந்து மங்கும், கழற்றினால் அட்டை குறிக்கிற நோட்டு மங்கும். மழை, வியர்வை வேறு. பத்தொன்பது வருஷமாகக் கால்பந்து ரெஃப்ரி நான். நாற்பத்தேழு வயதிலும் ஐம்பது மீட்டர் தள்ளி நடக்கும் ஆஃப்சைடைப் பிடிக்கிறேன். அது போதாதா?

7 ஜூலை, ஞாயிறு

புக்கிட் ரம்பாய் திடலில் லீக் ஆட்டம். ரம்பாய்க்கும் மஸ்ஜித் தானா ஊர்ப் பையன்களுக்கும். நல்ல மழை. எழுபதாவது நிமிடத்தில் மஸ்ஜித் தானாவின் எட்டாம் எண், கோகுலராஜ், எதிராளியின் காலைப் பின்னாலிருந்து வாரினான். மஞ்சள் அட்டை காட்டிவிட்டு நோட்டை நீட்டிப் பிடித்துப் பார்த்தேன். முதல் பாதியிலேயே அங்கே எட்டு எழுதியிருந்தது. இரண்டாவது மஞ்சள் என்றால் சிவப்பு.

"அண்ணே, எனக்கு இதான் மொதக் கார்டு! சாமி சத்தியமா!" கை கூப்பினான். நான் கையை ஆட்டி வெளியே போகச் சொன்னேன். பத்துப் பேராக ஆடித் தோற்றார்கள்.

திரும்பும்போது காரில், கோட்டோரம் கொடி பிடித்த சிவசாமி மெதுவாகக் கேட்டான்: "அண்ணே, எட்டுக்கு மொதக் கார்டு எப்பக் குடுத்தீங்க? எனக்கு ஞாபகமே இல்லியே."

"நீ கொடியப் பாரு, நோட்ட நான் பாத்துக்கிறேன்," என்று அவன் வாயை அடைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பாட்ரீசியாவிடம் நோட்டைக் கொடுத்தேன். "மூணு," என்றாள்.

"நல்லாப் பாரு."

"மூணுதாங்க. நீங்க எழுதுனதுதானே?"

அதே அணியின் மூன்றாம் எண். இப்போது ஞாபகம் வருகிறது, முதல் பாதியில் பந்தை வேண்டுமென்றே தூர உதைத்தானே, அவன்.

8 ஜூலை, திங்கள்

இன்று மாலைக்குள் ஆட்ட அறிக்கை போக வேண்டும். வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. அந்தப் பையன் அடுத்த ஆட்டம் வெளியே உட்காருவான், அவ்வளவுதானே?

அவ்வளவுதானா? சாமி சத்தியமான்னு கும்பிட்டானே. நாய விரட்டுற மாதிரி விரட்டினேனே. சே.

எழுதிவிட்டேன். "எட்டாம் எண்ணுக்கு அது முதல் மஞ்சள் அட்டை. என் நோட்டை நானே தவறாகப் படித்தேன். எனக்கு வெள்ளெழுத்து. தவறு முழுவதும் என்னுடையது." கையெழுத்தும் போட்டாயிற்று. ஒன்று சொல்கிறேன், பத்தொன்பது வருஷத்தில் நான் எழுதிய அறிக்கைகளிலேயே நேர்மையானது இதுதான்.

9 ஜூலை, செவ்வாய்

லீக் செயலாளர் பால்ராஜ் அண்ணன் போனில் காய்ச்சி எடுத்தார். "கண்ணு தெரியலன்னு எழுதிக் குடுத்துட்டியேப்பா! நாளைக்கு எவன் நம்ம ரெஃப்ரிய மதிப்பான்?" பையனின் தடையை நீக்கிவிட்டார்கள். கண் சரியாக இருக்கிறது என்று கடிதம் கொண்டுவரும் வரை எனக்கு ஆட்டம் கிடையாது. அவ்வளவு சீக்கிரம் விசிலைக் கொடுத்துவிட மாட்டேன்.

13 ஜூலை, சனி

மலாக்காவில் ஒரு கண் கடை. பரிசோதித்த பெண் தேவிஸ்ரீக்கு என் மகள் வயதிருக்கும். விளையாட்டு ரெஃப்ரி என்றதும் காண்டாக்ட் லென்ஸ் காட்டினாள். "ஒரே லென்ஸ்ல தூரத்துக்கும் பவர் இருக்கு, கிட்டத்துக்கும் இருக்கு அங்கிள். எது வேணும்னு மூளை பழகி எடுத்துக்கும். ரெண்டு மூணு வாரம் ஆகும். ஆனா இருபது வயசுக் கண்ணு திரும்பி வராது, இப்பவே சொல்லிட்டேன்." அங்கிளாம்! பேச்சு மட்டும் எனக்குப் பிடித்திருந்தது. மழுப்பவில்லை.

14 ஜூலை, ஞாயிறு

நாசி லெமாக் சோற்றைச் சம்பலோடு கையால் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவி, லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்தேன். சம்பலின் மிளகாய்க் காரம் கழுவினால் போய்விடுமா? அடோய்! பாட்ரீசியா சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த ஜோடி குப்பைக்குப் போனது. இனி லென்ஸ் முதலில், பசியாறல் அப்புறம்.

20 ஜூலை, சனி

விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது. எழுத்துக்குப் பின்னால் நிழல் எழுத்து. கழற்றி எறியலாமா என்று தோன்றியது. தேவிஸ்ரீ இடக்கண் பவரை மாற்றிக் கொடுத்தாள்.

31 ஜூலை, புதன்

சாப்பாட்டுக் கடையில் மீ கோரெங், வறுத்த நூடுல்ஸ். மெனுவை நானே படித்து நானே கேட்டேன்.

10 ஆகஸ்ட், சனி

கடிதம் கிடைத்தது. கண் கடைப் பக்கத்துத் திடலில் நோட்டோடு ஓடிப் பார்த்தேன். கோல் கம்பமும் தெளிவு, கையெழுத்தும் தெளிவு. மங்கலான வெளிச்சத்தில் பொடி எழுத்து இன்னும் தகராறுதான். அதையும் பால்ராஜ் அண்ணனிடம் மறைக்கவில்லை. "பகல் ஆட்டமாப் போடுறேன். ஒன்னைத்தான் வேணும்னு ஒரு டீம் ஏற்கெனவே எழுதியிருக்கு," என்றார்.

"எந்த டீம்?"

"மஸ்ஜித் தானா. தப்புன்னு எழுதிக் குடுத்த ரெஃப்ரிதான் வேணுமாம்."



18 ஆகஸ்ட், ஞாயிறு

அரையிறுதி, மஸ்ஜித் தானா திடலில். ஊர்க் கூட்டம் முழுக்க அவர்கள் பக்கம். ஒன்றுக்கு ஒன்று. எண்பத்து மூன்றாவது நிமிடம், அவர்கள் கோல் முன்னால் ஒரே நெரிசல். குறுக்கே உதைத்துவிட்ட பந்தை ஒரு கை தட்டிவிட்டது. கோகுலராஜின் கை. சிவசாமிக்கு ஆள் மறைத்துவிட்டது. நான் மட்டும்தான் பார்த்தேன்.

விசில் அடித்தேன். பெனால்டி. மஞ்சள் காட்டி, நோட்டை நெஞ்சோடு வைத்து எட்டு என்று எழுதினேன். அதற்கு முன் அந்தத் தாளில் எட்டு இல்லை. ஏழு பேர் என்னைச் சுற்றிக் கத்தினார்கள். வெளியிலிருந்து, "கண்ணு தெரியாத ரெஃப்ரி!" என்று ஒரு குரல்.

கோகுலராஜ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். மூச்சு வாங்கியது அவனுக்கு. என் முகத்துக்கு நேராக நின்றான்.

"அண்ணே, நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்துச் சொன்னான்: "அவரு பாத்துட்டாருலா. தள்ளுங்க, பெனால்டி அடிக்கட்டும்."